தாழ் உருகுநிலைக் கலப்புலோகம்

தாழ் உருகுநிலைக் கலப்புலோகம் என்பது, வழக்கமான ஈய-வெள்ளீயப் பற்றாசின் உருகுநிலையான 183 பாகை செல்சியசை விடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலப்புலோகம் ஆகும். பிசுமத் (271 பாகை), ஈயம் (327 பாகை), வெள்ளீயம் (232 பாகை), காட்மியம் (321 பாகை) போன்ற உலோகங்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலக்கும்போது, கலவையின் உருகுநிலை அவற்றுள் எதனுடைய உருகுநிலையை விடவும் தாழ்கிறது. தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான்கள், வெப்ப உருகிகள், வார்ப்பு அச்சுகள் ஆகியவற்றில் இவை பயன்படுகின்றன.

முதன்மையான வகைகள்

* வுட் உலோகம்: பிசுமத் 50%, ஈயம் 25%, வெள்ளீயம் 12.5%, காட்மியம் 12.5%. ஏறத்தாழ 70 பாகையில் உருகும். அமெரிக்கப் பல் மருத்துவரான பார்னபாசு வுட் என்பவரால் 1860ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது.
* ரோசு உலோகம்: பிசுமத், ஈயம், வெள்ளீயம் கொண்டது. 100 பாகைக்குச் சற்றுக் கீழே உருகும். காட்மியம் அற்றது, ஆயினும் ஈயம் உண்டு.
* பீல்டு உலோகம்: இண்டியம் 51%, பிசுமத் 32.5%, வெள்ளீயம் 16.5%. 62 பாகையில் உருகும். ஈயமும் காட்மியமும் அற்றது. இண்டியத்தால் விலை மிகுதி.
* பிசுமத்-வெள்ளீயக் கலவை: பிசுமத் 58%, வெள்ளீயம் 42%. 138 பாகையில் உருகும். ஈயமும் காட்மியமும் அற்றது, விலையும் குறைவு.

நச்சுத்தன்மை

காட்மியம் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது, சிறுநீரகத்தையும் பாதிக்கிறது. ஈயம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கிறது. குழந்தைகளுக்கு இது மிகவும் தீங்கானது. இக்கலவைகளை அராவும்போது எழும் தூசியும், மிகையாகச் சூடேற்றும்போது எழும் புகையும் இந்நச்சுகள் உடலினுள் செல்லும் வழிகளாகும்.

தெரிவு செய்தலும் வாங்குதலும்

வணிகப் பெயரை மட்டும் கொண்டு வாங்குதல் தகாது. எடுத்துக்காட்டாக, செரோசேஃப் என்னும் கலவையின் பெயரில் பாதுகாப்பைக் குறிக்கும் சொல் இருப்பினும், அதில் ஈயம், காட்மியம் ஆகிய இரண்டும் உள்ளன. எனவே விற்பவரிடம் தனிம விழுக்காட்டுப் பட்டியலையும் பாதுகாப்புத் தரவுத் தாளையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். பிசுமத், ஈயம், வெள்ளீயம் மூன்றும் மட்டும் சேர்ந்த கலவை ஏறத்தாழ 95 பாகைக்குக் கீழ் உருகுவதில்லை. ஆகவே, அதனினும் குறைவாக உருகும் கலவையில் இண்டியமோ காலியமோ குறிப்பிடப்படவில்லை எனில், காட்மியம் இருப்பதாகவே கருதுதல் நன்று. மாணவர் செய்முறைகளுக்குப் பீல்டு உலோகம் ஏற்றது.

கையாளுதல்

* 100 பாகைக்குக் கீழ் உருகுபவற்றை நேரடித் தீயில் அன்றி, வெந்நீரில் வைத்து உருக்கலாம்.
* 100 பாகைக்கு மேல் சூடான உலோகத்தை ஈரமான அச்சில் ஊற்றினால், நீர் ஆவியாகி உலோகம் தெறிக்கும்.
* உருக்கப் பயன்படுத்திய பாத்திரத்தை மீண்டும் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.
* காலியம் கலந்த கலவைகள் அலுமினியத்தை அரிக்கும். அவற்றை அலுமினியக் கலத்தில் வைத்தல் ஆகாது.
* எஞ்சிய துண்டுகளைக் குப்பையில் எறியாது, மீண்டும் உருக்கிப் பயன்படுத்தலாம்.