கிளி நாட்குறிப்பு – 9: எந்தக் காலால் எடுக்கிறது?

போன வாரம் பாரட்டாங் அருகே கிளித் தீவில், அந்தியில் அலையாத்திக் காட்டுக்கு அடைய வரும் கூட்டத்தோடு நிறுத்தினோம். இந்த வாரம் கடிக்கும் கிளி என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கடிக்கு முன்னால் காலைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

காரணம், போர்ட் பிளேர் ஹேடோவிலிருந்து வந்த ஒரு வாசகியின் கடிதம். வீட்டில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி வளர்க்கிறார். இடது தோளில் உட்கார்ந்தால் பரம சாது. வலது தோளில் வைத்தால் காதைக் கவ்வுகிறதாம். “என் மேல் அதற்கு என்ன கோபம்?” என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, அது ஒரு நிலக்கடலையை எந்தக் காலால் எடுக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கிளியின் கண்கள் தலையின் இரு பக்கங்களில் இருக்கின்றன. எதையாவது கூர்ந்து பார்க்க வேண்டுமானால் தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கும். சிட்னி மக்குவாரி பல்கலைக்கழகத்தின் கேலம் பிரவுனும் மரியா மகாட்டும் 16 ஆஸ்திரேலிய இனங்களைச் சேர்ந்த 322 கிளிகளைக் கவனித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். எந்தக் கண்ணால் பார்க்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் காலால்தான் எடுக்கிறது. மஞ்சள் கொண்டைக் காக்கட்டூக்கள் ஏறக்குறைய எல்லாமே இடது கால். அவற்றின் குஞ்சுகள் இரண்டு காலையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திவிட்டு, வளர வளர இடதில் நிலைக்கின்றன. வலது காலை நம்பும் இனங்களும் உண்டு. தரையில் விதை கொத்தித் தின்னும், காலால் உணவைத் தூக்காத பட்ஜிக்களிடம் இந்தப் பக்கப் பிடிமானம் தென்படவில்லை.

இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது இதே இருவரின் 2009ஆம் ஆண்டு ஆய்வு. கூழாங்கல்லோடு கலந்த விதையைப் பிரித்தெடுக்க வேண்டும். நூலில் தொங்கும் தீனியை மேலே இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தை உறுதியாகப் பற்றிக்கொண்ட கிளிகள், அது இடதோ வலதோ, இரண்டிலும் மற்றவற்றை முந்தின. இடக்கையால் சோற்றை எடுத்தால் அதட்டும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். பக்கம் என்பது திருத்த வேண்டிய பழக்கமல்ல, மூளை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை என்று ஒரு கிளி நமக்குக் காட்டுவது எனக்குப் பெரிய விஷயம்.

நம் தீவுகளில் இதைப் பார்க்கக் கூண்டு வேண்டாம். உள்ளூர்க் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிடியா டாப்புவுக்கு ஒரு தொலைநோக்கியோடு போனால் போதும். பெரிய பச்சைக்கிளி காயைக் காலில் பிடித்துத் தின்னும். செங்கன்னம் கொண்ட நீள்வால் கிளியும் அங்கே உண்டு. அதன் அந்தமான் வகைக்கு 1874இல் ஆலன் ஹியூம் டைட்லரின் பெயரைச் சூட்டினார். 1862 முதல் 1864 வரை இங்கே கைதிக் குடியிருப்பின் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் டைட்லர். அவர் மனைவி ஹாரியட்டின் பெயரில்தான் மவுண்ட் ஹாரியட் இருந்தது. 2021இல் அது மவுண்ட் மணிப்பூர் ஆனது. மலையில் மனைவியின் பெயர் போய்விட்டது, கிளியில் கணவர் பெயர் இன்னும் இருக்கிறது.

ஹேடோ வாசகிக்கு வருகிறேன். முன்னோக்கி உட்கார்ந்த கிளிக்கு, உங்கள் இடது தோளிலிருந்து உங்கள் முகம் அதன் வலது கண்ணில் விழும். இடது கண்ணுக்கு அறை முழுவதும் கிடைக்கும். வலது தோளில் இது தலைகீழ். உங்கள் கிளி இடது கால்காரியாக இருந்தால், ஆராயும் கண்ணுக்கு நேரே வருவது உங்கள் காது. கையில்லாத பறவை எதையும் அலகால்தான் தொட்டறியும். அந்தக் கவ்வலில் பாதி விசாரணைதான் என்பது என் ஊகம். நிலக்கடலையை நடுவில் நீட்டி, பல நாள் குறித்துவைத்தால் தெரிந்துவிடும். அதுவரை இடது தோளிலேயே இருக்கட்டும். அவள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவாகியிருக்கிறாளா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2024 விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன.

ஆனால் ரத்தம் வரக் கடிப்பது வேறு கதை. பயம், இனப்பெருக்கப் பருவம், கூண்டின் மீதான உரிமை, நாம் கையை வெடுக்கென்று இழுப்பது என்று அதற்குக் காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறும்போது கிளி அலகை மூன்றாவது காலாகவே ஊன்றுகிறது என்று 2022இல் லவ் பேர்ட்ஸை வைத்து அளந்து காட்டினார்கள். உங்கள் விரலில் ஏறுவதற்கு முன் அது அலகை வைப்பது பெரும்பாலும் ஊன்றத்தான். அதைக் கடி என்று நினைத்து விரலை உருவினால் என்ன ஆகும் என்பதிலிருந்து அடுத்த வாரம் தொடங்குவோம். அதற்குள் உங்கள் வீட்டுக் கிளியின் காலைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.