முகடுகளின் அளவும் வழுக்கும் வீதியும்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் மக்கள் ஆண்டின் பெரும்பகுதி மழையில் நனைந்த மலைவீதிகளிலேயே பயணஞ் செய்கின்றனர். வளைவிலே பஸ் வண்டியைக் காப்பது, டயரின் இறப்பர் வீதிக் கல்லைத் தொடும் இடமேயாகும்.

அவ்விடம் நாம் எண்ணுவதினும் சிறியது. சல்லிக் குவியலின்மேல் உள்ளங்கையை மெல்ல வைத்தால் சில முனைகளே கையிற்படும்; அழுத்தினால் மேலும் பல முனைகள் படும். எப்பரப்பும் இத்தன்மையதே. கிரீன்வூட், வில்லியம்சன் என்னும் அறிஞர் இருவர் 1966ஆம் ஆண்டில் இதனைக் கணித முறையில் விளக்கினர். முகடுகளின் உயர வேறுபாடு, நுனியின் வளைவு, குறித்த பரப்பிலுள்ள முகடுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அவர்கள் கணக்கிற் கொண்டனர். சராசரி உயரம் ஒத்திருப்பினும், கூர்நுனிப் பரப்பும் மழுங்கிய பரப்பும் ஒன்றாகா.

வீதியிலே பெரிய மேடுபள்ளங்கள் மழைநீர் வடிய வழிவிடுகின்றன. கல்லின் முகத்திலுள்ள நுண்ணிய முனைகள் எஞ்சிய நீர்ப்படலத்தைத் துளைத்து இறப்பரைப் பற்றுகின்றன. சக்கரங்கள் ஓடியோட நுண்முனைகள் தேய்ந்துவிடும். பெரிய மேடுகளோ நிலைத்திருக்கும்.

ஆதலின் பொறியியலாளர் இருவகையாய் அளக்கின்றனர். அளந்தெடுத்த மணலை வட்டமாகப் பரப்பினால், வட்டம் விரிய விரியப் பள்ளங்கள் ஆழங் குறைந்தவை என்பது புலனாகும். நனைந்த வீதியில் இறப்பர்த் துண்டு பொருத்திய ஊசலை உரசவிட்டால், நுண்முனைகளின் பிடிப்புத் தெரியும். முதலாவது சோதனையில் தேறிய வீதி இரண்டாவதில் தவறவுங்கூடும்.

கண்ணுக்குக் கரடாகத் தோன்றும் வீதியும் மழையில் வழுக்கலாம். தோற்றத்தை நம்பி வளைவில் விரைதல் ஆகாது.