பழைய விளையாட்டுக்கேற்ற மந்த யந்திரம்

விஞ்ஞான சாதனங்களில் புதியது எதுவோ அதுவே சிறந்தது என்று உலகம் நம்பிக் கொண்டிருக்க, 1980-களிலும் 1990-களின் முற்பகுதியிலும் வெளிவந்த கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் மனம் தோய்ந்த சிலர் மட்டும், பிறர் கழித்துப் போட்ட யந்திரங்களைத் தேடி வாங்கி, தூசு தட்டி, உயிர் கொடுத்து வருகிறார்கள். இதை வெறும் பைத்தியம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

1981-ல் ஐ.பி.எம். வெளியிட்ட பீ.சி.யின் பிராஸஸர் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அக்காலத்தில் விளையாட்டுகளை எழுதியவர்களில் பலர், கடிகாரத்தைக் கொண்டு ஆட்டத்தின் நடையை அளக்காமல், யந்திரத்தின் வேகத்தையே தாளமாகக் கொண்டு எழுதிவிட்டமையால், பிற்காலத்து வேகமான யந்திரங்களில் அவை தறிகெட்டு ஓடுகின்றன. 1990-ல் வந்த விங் கமாண்டர் இதற்குப் பெயர்போன உதாரணம். பழைய பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்ததே, அதன் மெய்யான பிரயோஜனம், பெயருக்கு நேர்மாறாக, யந்திரத்தை மந்தமாக்குவதுதான்!

ஆகவே, எந்தக் காலத்து விளையாட்டு வேண்டும் என்பதை முதலில் நிச்சயித்துக் கொள்ள வேண்டும். ஒரே ஒரு பெட்டிதான் வைத்துக் கொள்ள முடியும் என்றால், என் அபிப்பிராயத்தில் 66 மெகாஹெர்ட்ஸ் 486 பிராஸஸர் கொண்டது உத்தமம். 1993 டிசம்பரில் வந்த டூம் அதில் சௌகரியமாக ஓடும். பெட்டியின் கேஷ் நினைவகத்தை நிறுத்தி வைத்து மந்தமாக்கினால், முந்தின தலைமுறை விளையாட்டுகளுக்கும் ஓரளவு இணங்கும்.

ஓசை விஷயத்தில்தான் இந்த யந்திரத்தின் அருமை விளங்கும். ஆதியில் பீ.சி.க்குக் 'கீச்' என்று கத்தும் சிறு ஸ்பீக்கரைத் தவிர வேறு குரல் கிடையாது. 1987-ல் யமஹாவின் சிப்பைத் தாங்கி வந்த ஆட்லிப் கார்டு அதற்குச் சங்கீதம் அளித்தது. 1989-ல் சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ நிறுவியிருந்த கிரியேட்டிவ் நிறுவனம், அதே சங்கீதத்தோடு பதிவு செய்த பேச்சையும் வெடியோசையையும் எழுப்பவல்ல சவுண்ட் பிளாஸ்டரை வெளியிடவே, விளையாட்டு உலகம் நாளடைவில் அதையே பிரமாணமாக ஏற்றது. டாஸ் என்ற இயக்க மென்பொருளில் ஓடும் இவ்விளையாட்டுகள் இடைத்தரகர் யாருமின்றி நேராகவே கார்டோடு பேசுபவை. ஆகையால் அக்கார்டைச் செருகுவதற்கான ஐ.எஸ்.ஏ. ஸ்லாட் உள்ள மதர்போர்டு அவசியம். இன்றைய வீட்டுக் கம்ப்யூட்டர்களில் அது மறைந்துவிட்டது.

பழைய ஹார்டு டிஸ்க்குகளை நம்ப வேண்டாம். காமிராக்களில் பயன்பட்ட காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை மலிவான அடாப்டர் ஒன்றில் பொருத்தினால், யந்திரம் அதையே ஹார்டு டிஸ்க் என்று ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பின், மவுஸுக்கும் சி.டி.க்கும் உரிய டிரைவர்களையெல்லாம் அடக்கியும் விளையாட்டுக்கு இடம் மிஞ்சும்படி 640 கிலோபைட் நினைவகத்தைப் பங்கிடும் தலைவேதனை இருக்கிறது. பொறுமையைச் சோதிப்பதில் சில விளையாட்டுகள் இதற்கு ஈடாகா.

விளையாடுவது ஒன்றே நோக்கமானால் இவ்வளவு பிரயாசையும் வேண்டியதில்லை; டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள், இன்றைய கம்ப்யூட்டரிலேயே பழைய யந்திரத்தைப் பாவனை செய்து காட்டும், பெரும்பாலோருக்கு அது போதும். ஆனால் 386, 486 காலத்துப் பெட்டி ஏதேனும் உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள்: மதர்போர்டில் பீப்பாய் வடிவில் பற்றவைக்கப்பட்டிருக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரியை, விஷயம் அறிந்த ஒருவரைக் கொண்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அதிலிருந்து கசியும் காரத் திரவமே இவ்வகை மதர்போர்டுகள் பலவற்றை அரித்து அழித்திருக்கிறது.