நீலம் காட்டிய நஞ்சு

சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் பக்கமெல்லாம் ரப்பர் காடாகக் கிடந்த நாளில், லாலாங் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் தெளித்தார்கள். அசல் பாஷாணம். மருந்தடித்த புல்லை மேய்ந்த மாடுகள் செத்தன. மனிதர் வயிற்றுக்குள் போனாலோ வாந்தியும் பேதியுமாகப் போட்டுத் தள்ளும். காலராவா நஞ்சா என்று தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது.

சொல்ல வேண்டியவர் ரசாயனர். இறந்தவரின் ஈரல் துண்டைப் பக்குவப்படுத்தி, துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, எழும் வாயுவைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்குவார். பாஷாணம் இருந்தால் குழாயின் உட்புறத்தில் பளபளப்பான கறுப்புப் படலம் படியும். ஜேம்ஸ் மார்ஷ் 1836இல் வெளியிட்ட முறை அது. ஒரு மில்லிகிராமில் ஐம்பதில் ஒரு பங்கையும் பிடித்துவிடும். ஆனால் அந்த விடை மரண விசாரணைக்குத்தான் உதவியது. படுக்கையில் கிடந்தவருக்கு அல்ல.

1962இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லி விற்பனைக்கு வந்தது. பிறகு தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். லயத்து வீட்டில் சண்டை, கடன், மனக்கசப்பு என்றால் கைக்கெட்டும் தூரத்தில் அந்தப் போத்தல் இருந்தது. ஒரு மிடறு போதும். இதற்கான சோதனையோ வியப்பூட்டும் அளவுக்கு எளிது. சிறுநீரில் கொஞ்சம் காரம், ஒரு சிட்டிகை சோடியம் டைதயோனைட். சில நிமிடங்களில் அது நீலமாகும். நீலம் அடர்ந்தால் பிழைப்பது அரிது. 1979இல் வந்த வரைகோடு இதை எண்ணிலேயே சொன்னது: குடித்த நான்காம் மணியில் ஒரு லிட்டர் ரத்த நீர்மத்தில் 2 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் உயிர் தங்குவது கடினம். முன்பு இறந்த பிறகு கிடைத்த விடை இப்போது உயிரோடிருக்கும்போதே கிடைத்தது. ஆனால் மாற்று மருந்து இல்லை. நோயாளி நினைவு தப்பாமல் பேசிக்கொண்டிருப்பார், நுரையீரல் நாளுக்கு நாள் இறுகும். மூச்சுக்குத் தவிப்பவருக்கு ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுக்கவும் மருத்துவர் தயங்குவார், அது நஞ்சுக்கே துணைபோகும் என்பதால். விடை சீக்கிரம் கிடைத்ததை முழு லாபம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்றைய திரவப் பிரிகைக் கருவியும் நிறைமானியும் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் நானோகிராம் அளவைக் காட்டுகின்றன. ஆனாலும் எதைத் தேடுவது என்று பெரும்பாலும் யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது. கெடாக் கிராமங்களில் காய்ச்சிக் குடிக்கும் கெத்தும் இலைச் சாற்றையே பாருங்கள். அதிலுள்ள மித்ராகைனின் 2003 முதல் நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. மார்ஃபினுக்கான சாதாரணச் சிறுநீர்ப் பட்டையில் அது தென்படாது. தோட்டத்து டிரசரிடம் கருவி இருந்ததில்லை. ஆனால் எந்த லயத்தில் யார் மருந்தடிக்கிறார், யார் சம்சு குடிக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் வழிவிட்டபோது அந்த அறிவு யார் கைக்கும் மாறவில்லை.

பாராகுவாட்டுக்கு மலேசியாவில் 2002இல் தடை அறிவித்தார்கள், 2006இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. களைக்கொல்லிகள் ஓயவில்லை. குளுஃபோசினேட் என்ற இன்னொரு களைக்கொல்லியைக் குடித்தவரின் சிறுநீர் அந்த டைதயோனைட் சோதனையில் நீலமாகாது. முதலில் தெம்பாகத் தெரிபவருக்குப் பல மணி நேரம் கழித்து வலிப்பு வரலாம். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்தை 1994 முதல் மருத்துவர்கள் தொலைபேசியில் கேட்க முடிகிறது. என்ன குடித்தார் என்பதே அங்கும் முதல் கேள்வி. வீட்டார் போத்தலையும் கையோடு எடுத்து வந்தால் பல மணி நேரம் மிச்சமாகும்.