ஒரே நிலம், இரண்டு முதுகலைப் படிப்புகள்

புவியியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் ஒரே நிலத்தைத்தான் பார்க்கின்றன. கேட்கும் கேள்விதான் வேறு. ஒரு பொருளோ தொழிலோ இந்த ஊரில் ஏன் இருக்கிறது, பக்கத்து ஊரில் ஏன் இல்லை என்று கேட்பது புவியியல். அங்குள்ள நீருக்கும் மண்ணுக்கும் காற்றுக்கும் என்ன நேர்கிறது, எதனால், எந்த அளவுக்கு என்று அளந்து சொல்வது சுற்றுச்சூழல் அறிவியல். முதுகலையில் இரண்டும் தனித்தனிப் பட்டங்கள். இரண்டுக்கும் காலம் ஒன்றே: இரண்டு ஆண்டு, நான்கு பருவம். கடைசிப் பருவத்தில் ஆய்வேடு எழுதவேண்டும். படித்தது கைக்கு வந்ததா என்பது தேர்வுத்தாளைவிட அந்த ஆய்வேட்டில்தான் தெரியும். அதற்கு இடம் தேடும் கொங்கு நாட்டு மாணவருக்குக் காங்கேயம் வட்டத்தைவிட வசதியான களம் கிடைப்பது அரிது.

புவியியல் மாணவர் முதலில் விரிப்பது இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு நிலப்படம். 11 பாகை வட அட்சக்கோடு காங்கேயம் நகரையொட்டியே போகிறது. அந்தக் கோட்டில் ஒரு தாள் முடிந்து அடுத்தது தொடங்குவதால், இந்த ஒரு நகரைப் படிக்கவே இரண்டு தாள்களை ஒட்டவேண்டும். ஒட்டிப் பார்த்தால் வடக்கே நொய்யல் தெரியும், நடுவே தனித்து நிற்கும் சிவன்மலை தெரியும், எஞ்சியது மேடுபள்ளமான மேட்டுநிலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுவதால், பாலக்காட்டுக் கணவாய் வழியே இங்கே வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. மழையை வடகிழக்குப் பருவம்தான் தரவேண்டும். கிணற்றை நம்பியும், பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தின் கடைமடையில் தண்ணீர் வருமா என்று காத்திருந்தும் வெள்ளாமை செய்த பூமி இது.

அந்த வறட்சிக்கு இங்குள்ள குடியானவர்கள் கண்ட வழி கொறங்காடு. நிலத்தைச் சுற்றி முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, நிழலுக்கும் காய்க்கும் வெள்வேல மரங்களை விட்டுவைத்த மேய்ச்சல் நிலம் அது. மாடுகளை ஒரு காட்டில் மேயவிட்டு, புல் தீருமுன் அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். காங்கேயம் மாட்டினம் இந்த மேய்ச்சலில் உருவானது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதைப் பேணி வளர்த்தது. நிலப்பயன்பாடு, தட்பவெப்பம், கால்நடைப் பொருளாதாரம் எனப் பாடத்திட்டத்தில் தனித்தனித் தாள்களாக வரும் மூன்றும் ஒரு கொறங்காட்டில் ஒன்றாகவே கிடக்கின்றன. இன்று அவற்றில் பல வீட்டுமனைகளாகவும் ஆலைகளாகவும் மாறிவிட்டன. எத்தனை ஏக்கர், எந்தத் திசையில், எந்தச் சாலையை ஒட்டி என்று கண்டுபிடிப்பது நல்ல முதுகலை ஆய்வு. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். அவற்றைப் பகுத்துப் பார்க்க உதவும் கியூ.ஜி.ஐ.எஸ். மென்பொருளுக்கும் காசு கிடையாது. ஆனால் கோடையில் எடுத்த படத்தில் காய்ந்த கொறங்காடும் உழாமல் போட்ட தரிசும் ஏறக்குறைய ஒரே நிறம். வேலியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் எது எது என்று தெரியும். கணினித் திரையோடு முடிந்துபோகும் ஆய்வேடுகள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகின்றன.

நிலத்தின் அடியிலும் கேள்விகள் உண்டு. சிவன்மலையின் பாறைகளைப் பற்றி இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலண்ட் 1901இல் தனி நூலே எழுதினார். குவார்ட்ஸ் இல்லாத நெஃபலின் சயனைட், அதோடு குருந்தக்கல் என்று கிடைப்பதற்கு அரிய சேர்க்கை அது. திருப்பூர்ச் சாலையில் உள்ள படியூரில் பெரில் என்னும் நீலப்பச்சைக்கல் எடுக்கப்பட்டது. நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணலில் 1980களின் நடுவில் தொடங்கிய அகழாய்வுகள், கல்லை அறுத்து மணியாக்கிய தொழிற்கூடங்களை வெளிக்கொணர்ந்தன. பாறை, சுரங்கம், ஆறு, வணிகவழி என்று தொடர்ந்து போனால் அது வரலாற்றுப் புவியியல்.

பொருளாதாரப் புவியியலுக்கு இன்னும் சுவையான கேள்வி ஒன்று இருக்கிறது. தென்னை செழித்து நிற்பது பொள்ளாச்சிப் பக்கம். கொப்பரை காய்வதும் தேங்காய் எண்ணெய் ஆட்டுவதும் காங்கேயத்தில். ஏன்? ஈரக்காற்றில் கொப்பரை பூஞ்சணம் பிடிக்கும். இங்கே மழைநாள் குறைவு, வெயிலும் காற்றும் தாராளம். வெள்ளாமைக்கு உதவாத மேட்டுநிலம் உலர்களத்துக்கு நன்றாகவே உதவியது. களங்கள் பெருகியதும் தேங்காய் உரிப்பவர், கொப்பரைத் தரகர், லாரி, ஆலை எல்லாம் ஒரே ஊரில் சேர்ந்தன. பின்னால் வந்தவருக்கும் இங்கே தொழில் தொடங்குவதே சுலபமாயிற்று. ஊரின் பெரிய குறையாகிய வறட்சியே அதன் முதலீடு ஆனது.

சுற்றுச்சூழல் அறிவியலுக்கான பெரிய பாடம் நொய்யலில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து காவிரியில் சேரும் ஆறு இது. காங்கேயத்துக்கு வடக்கே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணையில் சில ஆண்டுகளிலேயே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர்தான் நின்றது. அணையைத் திறந்தால் கீழே உள்ள விளைநிலங்கள் கெட்டன, மூடினால் சுற்றியுள்ள கிணறுகள் கெட்டன.

பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டது சாயத்தின் நிறம். பெரிய கேடு செய்தது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்போ கிளாபர் உப்போ ஏராளமாகச் சேர்க்கவேண்டும். நூலில் சாயம் பிடித்தபின் உப்பு அப்படியே நீரோடு வெளியேறுகிறது. நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்தால் நிறமும் கரிமக் கழிவும் குறையும், உப்பு குறையாது. அந்த நீரைப் பாய்ச்சிய மண்ணில் சோடியம் ஏறி, களிமண்ணோடு ஒட்டியிருக்கும் கால்சியத்தை வெளியேற்றும். மண் இறுகிவிடும், பிறகு நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது.

இதை அளக்கும் முறைதான் முதுகலையின் செய்முறைப் பாடம். ஆழ்துளைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டதும் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்கக் கூடாது. குழாயில் தேங்கியது வெளியேறும்வரை ஓடவிட்டு, அதே நீரால் பாட்டிலை மூன்று முறை அலசிவிட்டுத்தான் மாதிரி எடுக்கவேண்டும். இடம், நாள், ஆழம் எழுதிய சீட்டை அங்கேயே ஒட்டவேண்டும். மின்கடத்துதிறனையும் அமிலகாரத் தன்மையையும் கிணற்றடியிலேயே பார்த்துவிட்டு, மற்றவற்றுக்குக் குளிர்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோகவேண்டும். குடிநீரில் கரைந்த உப்புக்கு இந்தியத் தரநிர்ணயம் விரும்பும் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைக் கழிவுநீருக்கு வைத்த வரம்பு 2,100. மாணவர் கையில் உள்ள எண்ணுக்கு இவற்றோடு ஒப்பிட்டால்தான் பொருள் வரும்.

எண்கள் எப்படி நீதிமன்றம் வரை போகின்றன என்பதும் பாடமே. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சாய ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேற்றாத நிலைக்கு வரவேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2009இல் ஆலைகளின் பொறுப்பை உறுதிசெய்தது. உத்தரவு நிறைவேறாததால் 2011 ஜனவரி 28 அன்று ஆலைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பிறகு உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடுபரவல்) கருவிகள், ஆவியாக்கிகள் எல்லாம் அமைத்து ஆலைகள் படிப்படியாக மீண்டும் ஓடின. ஆறு உப்பிலிருந்து தப்பினாலும் திடக்கழிவாக மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் திறந்த கேள்விதான். 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தையும் 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் மனப்பாடம் செய்வதைவிட, இந்த ஒரு வழக்கை முதலிலிருந்து படிப்பது அதிகம் கற்றுத்தரும். காங்கேயம் வட்டாரத்திலேயே தேங்காய்த்தொட்டிக் கரி சுடும் ஆலைகளின் புகை, கரியை அணைக்கும் நீர் ஆகியவற்றைப் பற்றி ஊர்மக்கள் நெடுநாளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். அதற்கும் அளந்த தரவு வேண்டும்.

எங்கே படிக்கலாம்? புவியியலுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. சென்னைப் புவியியல் சங்கம் 1926இல் தோன்றி, பின்னர் இந்தியப் புவியியல் சங்கமாகப் பெயர் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம், கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றில் புவியியல் துறைகள் உள்ளன. சுற்றுச்சூழல் அறிவியலுக்குக் கோவையிலேயே பாரதியார் பல்கலைக்கழகமும், உழவியலோடு சேர்த்துப் படிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் சூழலியலுக்குப் பெயர் பெற்றது.

சேருமுன் வேலையைப் பற்றியும் யோசித்துவிடுவது நல்லது. சுற்றுச்சூழல் அறிவியல் முடித்தவருக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு நிறுவனங்கள், திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலைய ஆய்வகங்கள் என்று தொழிலோடு ஒட்டிய வழிகள் உண்டு. புவியியல் முடித்தவருக்குப் புவித்தகவல் (ஜி.ஐ.எஸ்.) நிறுவனங்களும் திட்டமிடல் துறைகளும் போட்டித் தேர்வுகளும் இருக்கின்றன, பி.எட். சேர்த்துப் படித்தால் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் பணியும் உண்டு. அந்த ஆசிரியர் பணிக்குச் சுற்றுச்சூழல் பட்டம் ஈடாகாது. சுற்றுச்சூழல் துறையில் அறிவியல் இளங்கலை முடித்த பலருக்கும் இடம் கிடைக்கும். புவியியலிலோ பெரும்பாலும் அதே பாடத்தில் இளங்கலை முடித்திருக்கவேண்டும். ஆகவே விண்ணப்பம் போடுவதற்கு முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தகுதியை ஒரு முறை வாசித்துவிடுங்கள்.