சிவப்பு மைக்கு முன்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கட்டுரை ஏட்டில் ‘தி மைன் இஸ் நியர் டு அவர் ஹவுஸ்’ என்று எழுதியிருந்தாள். ‘டு’வை அடித்துவிட்டேன். மறுநாள் அகராதியோடு வந்தாள். ‘நியர்’, ‘நியர் டு’ இரண்டுமே சரியாம். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். காதுக்குப் பழக்கமில்லை என்பதற்காக இப்போது எதையும் அடிப்பதில்லை. விதியைச் சொல்ல முடிந்தால் மட்டுமே அடிக்கிறேன்.

நெய்வேலிப் பிள்ளைகளின் ஏடுகளில் அப்பாவின் ஷிப்ட் அடிக்கடி வரும். ‘மை ஃபாதர் ஹேஸ் கம் ஃபிரம் நைட் ஷிப்ட்’ சரி. இறுதியில் ‘எஸ்டர்டே’ சேர்ந்தால் பிழை. முடிந்த காலத்தைச் சுட்டும் சொல்லோடு ‘ஹேஸ் கம்’ பொருந்தாது, ‘கேம்’ என்றே வரவேண்டும். தமிழிலோ ‘அப்பா நேற்று வந்திருக்கிறார்’ என்பதில் குறையில்லை. பிள்ளை அதைத்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறது. இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டினால், பத்து முறை எழுதச் சொல்லும் தண்டனை தேவைப்படாது.

‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ (ஆசிரியர் அறையிலும் கேட்கும் வாக்கியம்தான்!) பிழை. உடைமை, உறவு இவற்றைச் சொல்லும்போது ‘ஐ ஹேவ்’ போதும். ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. அங்கே ‘ஹேவ்’ உண்ணும் செயலைக் குறிக்கிறது. ‘ஹேவிங்’கைக் கண்டதும் பேனாவை எடுத்துவிடக் கூடாது.

‘பிரிபோன்’ வேறு வகை. இந்திய வழக்கு என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே சேர்த்துக்கொண்ட சொல். அதை அடிப்பதில்லை. ‘வெளிநாட்டார் சிலருக்குப் புரியாது’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவிடுகிறேன்.