ஒரே பாறைக்கு இரண்டு வேகமா?

செம்பனைக் குலை ஏற்றிய லோரியை இரண்டு எடைமேடைகளில் நிறுத்தி, இரண்டும் வேறு வேறு எடை காட்டினால், எங்கள் பந்திங்கில் யாரும் கூட்டி இரண்டால் வகுத்துப் பணம் வாங்க மாட்டார்கள். எந்த மேடை பிசகு என்றுதான் பார்ப்பார்கள். கடலடியில் எண்ணெய் தேடும் என் வேலையிலும் அந்த நியாயம் வேண்டும்.

மோரிப் கரையில் நின்றால் தெரிவது மலாக்கா நீரிணை. நம் எண்ணெய் வயல்களில் பல தீபகற்பத்தின் எதிர்ப்பக்கம், திரங்கானுவுக்கு அப்பால், மலாய்ப் படுகையில் இருக்கின்றன. 1974-இல் பெட்ரோனாஸ் தொடங்கும் முன்பே அங்கே ஆய்வுக் கப்பல்கள் போய்வந்துவிட்டன. கப்பல் நீரில் ஓசை எழுப்பும். பாறையில் பட்டுத் திரும்புவதைப் பின்னால் இழுத்துவரும் நீண்ட கேபிள் பதிவு செய்யும். பதிவாவது ஆழம் அல்ல, நேரம். ஓசை போய்வர 2 வினாடி, சராசரி வேகம் வினாடிக்கு 2,500 மீட்டர் என்றால் பாறை 2,500 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. வேகத்தை 2,600 என்று வைத்தால் அதே பாறை 100 மீட்டர் கீழே போய்விடும். கிணறு தோண்டுபவருக்கு அது பெரிய தூரம்.

கப்பல் பதிவு செய்தபடி ஓடும் பாதையைக் கோடு என்போம். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இந்தச் சிக்கல் வெளிப்படும். கீழே இருப்பது ஒரே பாறை, இரண்டு கோடுகளின் பதிவிலிருந்து கணித்த வேகமோ இரண்டு.

முதலில் நேரங்களைப் பொருத்த வேண்டும். கேபிள் மிதந்த ஆழம் மாறினாலே எதிரொலி சில மில்லிவினாடி தள்ளிப் போகும். அது சரியானபின் வேகத்தைக் குறித்த விதத்தைப் பார்ப்பேன். திரையில் நேரம் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கமாக வண்ணத் திட்டுகள் தெரியும். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் புள்ளி வைப்போம். கடல்மட்டத்துக்கும் கடலடிக்கும் நடுவே பலமுறை மோதி வந்த ஓசையும் அழகான திட்டாகவே தெரியும். அதில் புள்ளி வைத்தால் வேகம் குறைந்துவிடும்.

இரண்டு கோடுமே பொய் சொல்லாத நேரமும் உண்டு. பாறை 20 பாகை சரிந்திருந்தால், சரிவின் போக்கிலேயே ஓடும் கோடு 2,500-ஐ ஏறத்தாழ 2,660 என்று காட்டும். குறுக்கே ஓடும் கோடு 2,500 என்றே காட்டும். கோட்டின் திசையைப் பொறுத்து இது எவ்வளவு மாறும் என்பதை லெவின் என்ற ஆய்வாளர் 1971-இல் சூத்திரமாகவே எழுதிவிட்டார். இங்கே சராசரி எடுத்து 2,580 என்று வைப்பது, சரியாக இருந்த கோட்டையும் கெடுக்கும் வேலை. சரிவுக்கான திருத்தத்தைச் செய்துவிட்டு வேகத்தை மறுபடி குறித்தால் இரண்டும் நெருங்கி வரும்.

மலாய்ப் படுகையில் மேலடுக்கு வாயு இன்னொரு தொல்லை. கொஞ்சம் வாயு இருந்தாலே ஓசை மந்தமாகி, அடியில் உள்ள பாறை தொங்கிப்போனதுபோல் தெரியும். ஒரு கோடு அந்த வாயுவைக் கடந்து, மற்றது ஓரமாகப் போயிருந்தால், அங்கே வேக வேறுபாடு உண்மையான செய்தி. அதைத் தேய்த்து மழுப்பக் கூடாது.

இவையெல்லாம் முடிந்தபின் மிஞ்சும் சிறு வேறுபாட்டை மட்டும், எல்லா வெட்டுப்புள்ளிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, கோடு நெடுகப் படிப்படியாகப் பகிர்ந்து விடலாம். கிணற்றுக்குள் கருவி இறக்கி நேரடியாக அளந்த வேகம் பக்கத்தில் இருந்தால், அதுதான் நங்கூரம்.

கணினி இதையெல்லாம் ஒரு பொத்தானில் சமன்செய்து தரும். வரைபடமும் வழுவழுப்பாக வரும். இத்துறைக்கு வரும் நம் பிள்ளைகளை நான் கேட்டுக்கொள்வது: ஒவ்வொரு வெட்டுப்புள்ளியிலும் எந்தக் கோட்டை, எவ்வளவு, ஏன் திருத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாத வரைபடத்தை நம்பிக் கிணறு தோண்டக் கையெழுத்துப் போடாதீர்கள்.